‘பார்க்க நல்லா இருக்கணும்’: துணிக்கடை வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு

தி.நகர் உஸ்மான் ரோட்டிலும் ரங்கநாதன் தெருவிலும் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை கொத்தாக ஆள் எடுப்பார்கள். தென்மாவட்டங்களில் பஸ் ஸ்டாண்டுச் சுவர் வரைக்கும் நோட்டீஸ் வந்துவிடும். பெண்கள் தேவை, தங்குமிடம், சாப்பாடு இலவசம். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி போடுவார்கள்: நல்ல தோற்றம் அவசியம். நேரில் போனால் அதையே ‘பார்க்க நல்லா இருக்கணும்’ என்பார்கள். சம்பளத்தைப் பற்றியாவது நாலு வார்த்தை பேசுவார்கள். இந்த வரிக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை. சேர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும்: பூ வை, லிப்ஸ்டிக் போடு, கொண்டையை இறுக்கு, உட்காராதே.

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு இங்கே வந்தேன். சேல்ஸில் நின்று, இப்போது ஒரு கடையில் பட்டு மாடிக்கு ஃப்ளோர் இன்சார்ஜ். காலையில் பெண்களை வரிசையாக நிறுத்தி ‘குரூமிங்’ பார்க்கும் வேலையும் என் தலையில்தான். அதனால் கேட்கிறவர்கள் மனதில் என்ன ஓடுகிறது, கொடுக்கிறவர்களுக்கு என்ன செலவாகிறது, இரண்டும் எனக்குத் தெரியும்.

எதைக் கேட்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள்

கடை கேட்பதில் சிலது உண்மையிலேயே வேலைக்கு வேண்டும். நகம் நீளமாக இருந்தால் பட்டில் ஜரிகை மாட்டி இழுக்கும். ஒரு இழை வெளியே வந்தாலும் அந்தச் சேலை டேமேஜ் கணக்கில் போய்விடும். கல் வைத்த மோதிரம், விளிம்பு உடைந்த கண்ணாடி வளையல் எல்லாம் இதே கதைதான். கையில் எண்ணெயோ லோஷனோ இருந்தால் டிஷ்யூ பட்டில் கறை நின்றுவிடும். பெயர் பேட்ஜ், துவைத்த யூனிஃபார்ம், வியர்வை வாடை இல்லாத உடம்பு, இவற்றில் வாதம் செய்யாதீர்கள். யூனிஃபார்மைப் பற்றி என்னைக் கேட்டால் அது நமக்கு நல்லது என்றே சொல்வேன். யூனிஃபார்ம் இல்லாத கடைகளில் தினம் என்ன கட்டிக்கொண்டு வருவது என்ற போட்டியிலேயே சம்பளம் கரைகிறது.

வேறு சிலது மேனேஜரின் ரசனை. லிப்ஸ்டிக் நிறம், பூவின் நீளம், புருவம், ‘கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்மா’. துணி விற்க இதெல்லாம் தேவையில்லை. உடம்பையும் கெடுக்காது. இந்த வகையில் ஒரே கேள்விதான்: யார் காசு? கடை கொடுத்தால் செய்யலாம்.

கடைசி வகை உடம்பைக் கெடுப்பது. வெளுக்கிற கிரீம், நாள் முழுக்க நிற்பது, இடுப்பை அறுக்கும் நாடா, பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இந்த வகையில் ஒன்றையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கீழே எழுதுவதில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

சேரும் முன்பு

ஆள் பிடிக்கிற ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ‘ஃபுல் சைஸ் போட்டோ அனுப்பும்மா’ என்பார். அனுப்ப வேண்டாம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போதும், நேரில் பார்க்கத்தானே வரச் சொல்கிறார்கள். அதற்கு மேல் வற்புறுத்தினால் அந்த ஆளையே விட்டுவிடுங்கள். கடைகள் ஆள் கிடைக்காமல்தான் இருக்கின்றன, நேராகவே போய்க் கேட்கலாம்.

இன்டர்வியூவில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. யூனிஃபார்ம் எத்தனை செட், பிளவுஸ் தையல் கூலி யாருடையது, வேலையை விட்டால் சேலைக்குப் பிடித்தம் உண்டா, மேக்கப் கட்டாயமா, உடை மாற்ற அறை உண்டா, மாடியில் ஸ்டூல் உண்டா. இதையெல்லாம் சண்டைக்கு வந்தது போலக் கேட்டால் காரியம் கெடும். ‘சார், ரெண்டு செட்டா மூணு செட்டா? ஊர்ல தையல் கூலி கம்மி, அங்கேயே தச்சிட்டு வந்துடலாமான்னு கேக்கேன்’ என்று பாருங்கள். கூலி யார் கொடுப்பது என்ற பதிலும் சேர்ந்தே வரும். இரண்டு செட் என்றால் மூன்றாவது கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் எதுவும் காயாது. ஈரச் சேலையோடு ஏசி மாடியில் நிற்பது காய்ச்சலுக்கு அழைப்பு.

பிளவுஸ், பாவாடை, கொண்டை

தையல்காரரிடம் அளவு கொடுக்கும்போது கையை மேலே தூக்கிக் காட்டுங்கள். நம் வேலையே மேல் ரேக்கிலிருந்து சேலை எடுப்பதுதான். கல்யாணத்துக்குத் தைக்கிற மாதிரி பிளவுஸ் தைத்தால், கை தூக்கும் ஒவ்வொரு தடவையும் அது மேலே ஏறும், இடுப்பு தெரியும். உடனே ‘சேலையை ஒழுங்காக் கட்டு’ என்று சத்தம் வரும். தப்பு வெட்டில் இருக்கிறது, திட்டு நமக்கு. உயரம் ஒரு இன்ச் கூட்டச் சொல்லுங்கள். கைக்குழியை இறக்கி வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், குழி இறங்க இறங்க பிளவுஸ் முழுவதும் கையோடு சேர்ந்து ஏறும். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இன்ச் துணி விடச் சொல்லுங்கள். ஹாஸ்டல் சாப்பாட்டில் சிலருக்கு உடம்பு போடும், சிலருக்கு வற்றும். பிரித்துத் தைத்தால் போதும், புதுசு வாங்க வேண்டாம். லைனிங் காட்டனாக இருக்கட்டும். யூனிஃபார்ம் துணி பெரும்பாலும் சிந்தெட்டிக், வியர்வையை உறிஞ்சாது.

அடுத்தது பாவாடை நாடா. கூட்டத்தில் சேலை அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாருமே உயிர் போகிற மாதிரி இறுக்குகிறார்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கினால் கறுப்புத் தடம் விழும், அரிக்கும், சிலருக்குப் புண்ணாகும். ஆறாத புண் நாள்பட நாள்பட அபூர்வமாகப் புற்றுநோயாகவும் மாறும். 2024-ல் நம் நாட்டு மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட இரண்டு மூத்த பெண்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள், ஒருவர் மகாராஷ்டிரா பக்கம், இன்னொருவர் பீகார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, தீர்வு அவ்வளவு சுலபம் என்பதால் சொல்கிறேன். மெல்லிய நாடாவைக் கழற்றிவிட்டு இரண்டு இன்ச் அகலப் பட்டி வைத்துக் கொக்கி போடச் சொல்லுங்கள். கட்டும் இடத்தை ஒரு நாள் கொஞ்சம் மேலே, ஒரு நாள் கொஞ்சம் கீழே என்று மாற்றுங்கள். ஹாஸ்டலுக்கு வந்ததும் நைட்டிக்கு மாறிவிடுங்கள். சேலை நிற்பது கொசுவத்தில் குத்தும் ஊக்கினால்தான், நாடாவின் இறுக்கத்தால் இல்லை. ராத்திரியே கொசுவமும் முந்தானையும் மடித்து, ஊக்குக் குத்தி, இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டிவிட்டால் காலையில் கட்டச் சில நிமிஷம்தான். அவசரத்தில் கட்டுவதால்தான் இறுக்கத் தோன்றுகிறது.

கொண்டையும் அப்படித்தான். நெற்றி முடியை வழித்து இழுத்து, ஜெல் தடவி, வலை போட்டுக் கட்டினால் முகம் ‘நீட்’ ஆகத் தெரியும். தினமும் அந்த இழுப்பு இருந்தால் நெற்றி ஓரத்தில் முடி கொட்டும். ஆரம்பத்திலேயே தளர்த்தினால் திரும்ப முளைக்கும், வேர் செத்துவிட்டால் முளைக்காது. காதோரம் சின்னச் சின்னக் கொப்புளமோ, முடி உடைந்து குட்டையாக நிற்பதோ தெரிந்தால் அன்றைக்கே பின்னலுக்கு மாறிவிடுங்கள். பின்னலை மடித்துக் கட்டினால் எந்த மேனேஜரும் வித்தியாசம் கண்டுபிடிப்பதில்லை.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கிறவர்கள் ராத்திரி எடுத்துவிட்டுத் தூங்குங்கள், கண்ணாடியில் ஒட்டி மறுநாள் அதையே வைக்காதீர்கள். மலிவான பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பில் தொடங்கி, பொட்டு வைத்த இடம் வெள்ளையாகிவிடும். வெள்ளை விழுந்த பிறகு அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு வைப்பார்கள். அதுதான் மோசம்.

நிறம்

எங்கள் வேலையில் ஒரு சங்கடம் உண்டு, மற்ற கடைகளில் இல்லாதது. சேலையை நம் தோளில்தான் போட்டுக் காட்ட வேண்டும். நல்ல மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் எடுத்து, ஆசையாகத் தோளில் போட்டுக் காட்டுவோம். ‘உனக்கே எடுக்கலையேம்மா, எனக்கு எப்படி எடுக்கும்’ என்பார்கள். சொல்கிறவர் நம்மை விடக் கறுப்பாக இருப்பார். அதற்கு முகம் வாடினால் விற்பனை போச்சு. ‘அக்கா, உங்க தோள்லயே போட்டுப் பார்த்துடலாம், கண்ணாடி இந்தப் பக்கம்’ என்று சொல்லிக்கொண்டே சேலையை அவர் தோளுக்கு மாற்றிவிடுங்கள். கூடவே, ‘இந்த லைட்ல மஞ்சள் தூக்கலாத் தெரியும், வாசப் பக்கம் வெளிச்சத்துல ஒரு தடவை பாருங்க’ என்று கூட்டிப்போங்கள். அது பொய்யும் இல்லை, மாடியில் எரிகிற மஞ்சள் விளக்கு எந்த நிறத்தையும் மாற்றிக் காட்டும். பேச்சு நம் தோலை விட்டுத் துணிக்குப் போய்விடும்.

வாடிக்கையாளர் சொல்வது ஒரு நிமிஷம். கடைக்குள் நடப்பது மாதக்கணக்கு. வெள்ளையாக இருப்பவர்கள் வாசல் கவுண்டர், கல்யாணப் பட்டு. கறுப்பாக இருப்பவர்கள் குடோன், உள்ளாடை, துண்டு லுங்கி. யாரும் இப்படி எழுதி வைக்கவில்லை, ஆனால் எந்தக் கடைக்குள் போனாலும் கண்ணால் பார்க்கலாம். கமிஷன் எங்கே அதிகம்? பட்டில். ஆக, நிறம் என்பது இங்கே மாதம் பிறந்தால் பணம். ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. டப்பாவில் பெயர் மாறிய வேகத்துக்கு எங்கள் மாடிகளில் எதுவும் மாறவில்லை.

இதற்கு நான் சொல்லும் வழி: ஒரு சின்ன நோட்டு. எந்தப் பிரிவில் நின்றீர்கள், எத்தனை பில் போட்டீர்கள், என்ன தொகை என்று தினமும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதைக் காட்டி, ‘உள்ளாடைப் பிரிவிலயே இவ்வளவு பண்ணியிருக்கேன், ஒரு மாசம் பட்டுல போட்டுப் பாருங்க சார்’ என்று கேளுங்கள். அழகைப் பற்றி மேனேஜரிடம் வாதாடினால் தோற்போம். பில் கணக்கைக் காட்டினால் அவருக்கும் மேலிடத்தில் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். என் மாடியில் நான் வாரச் சுழற்சி வைத்திருக்கிறேன், முன் கவுண்டர் எல்லாருக்கும் முறை வைத்து வரும். விற்பனை விழவில்லை. முதலாளி அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம்.

இனி கிரீம். ஹாஸ்டலில் யாராவது ஒருத்தியிடம் ஒரு டப்பா இருக்கும். கம்பெனி பெயர் ஏதோ இருக்கும், முகவரி இருக்காது. அல்லது மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய ட்யூப். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசோல், மொமெட்டாசோன், இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. வியாதிக்கு டாக்டர் அளவு சொல்லிக் கொடுப்பது, அழகுக்குப் பூசுவது இல்லை. முதலில் முகம் பளிச்சென்று ஆகும், ஊரிலிருந்து வந்தவர்கள்கூட ‘ஏட்டி, மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிட்டு’ என்பார்கள். அப்புறம் தோல் மெலியும், பரு வரும், மீசை மாதிரி முடி வளரும், வெயிலில் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும், அந்தப் பயத்தில் மறுபடி பூசுவார்கள். 2018-ல் மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

முகவரி இல்லாத டப்பாவில் ஆபத்து வேறு. அதில் பாதரசம் இருக்கலாம். 2023-ல் கேரளாவில் மலப்புரம் பக்கம் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்தபோது, பலர் வெளுக்கும் கிரீம் பூசியிருந்தது தெரிந்தது. கால் வீங்குவது, சிறுநீர் நுரைத்துப் போவது இதன் அறிகுறிகள். கிரீம் பூசுகிற யாருக்காவது இது இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருப்பவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் கேட்டுக் குறைப்பது நல்லது. சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும், வடசென்னையில் ஸ்டான்லியிலும் தோல் பிரிவு உண்டு, பணம் கட்ட வேண்டாம். வார லீவு நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

நரை வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டை அடிக்கச் சொல்வார்கள். அடிப்பதானால் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதிலும் பெரும்பாலும் டையில் இருக்கும் அதே ரசாயனம்தான், இயற்கை என்று நம்பிவிடாதீர்கள்.

நிற்பதும் தோற்றம்தான்

உட்கார விடாததற்குக் கடைகள் சொல்லும் காரணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வேலை கெட்டுவிடும் என்று சொல்வதில்லை. ‘கஸ்டமர் வரும்போது உக்காந்திருந்தா மரியாதையா இருக்காது’ என்பார்கள். ஆள் இல்லாத மதிய நேரத்திலும் பொம்மை வரிசை மாதிரி நிற்க வேண்டும். சிசிடிவியில் பார்த்துவிட்டு மேலிருந்து போன் வரும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்பவர், கடைப் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பு தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது பாத்ரூம், அப்புறம் உட்காரும் உரிமை. 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. நம் ஊரில் 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா வந்தது. 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லாக் கடைகளிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். பல கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அதில் இப்போது பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

தனியாக ஒருத்தி உட்கார்ந்தால் திட்டு விழும். பிரிவில் இருக்கும் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு முறை போட்டு உட்காருங்கள், ஒருவர் எப்போதும் நின்றபடி இருந்தால் புகார் சொல்ல இடமிருக்காது. சேலை மடிப்பது, விலைச் சீட்டு ஒட்டுவது, ஸ்டாக் எழுதுவது எல்லாம் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை, அவற்றை மதியத்துக்கு ஒதுக்கி வையுங்கள். கையில் வேலையோடு உட்கார்ந்திருப்பவளைக் கேமராவில் பார்த்தால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

காலுக்கு: நிற்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். பாவாடைக்குள் தெரியாது, யாரும் கேட்க மாட்டார்கள். நரம்பு புடைக்க ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் கேட்டு இறுக்க ஸ்டாக்கிங்ஸ் வாங்குங்கள், காலையில் எழுந்து நடமாடும் முன்பே போட வேண்டும். மெத்தை விரித்த பிரிவுகளில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், மெத்தையை விட்டு இறங்கினால் கிரானைட் தரை. அதில் வெறுங்காலோடு நின்றால் குதிகால் வலி கட்டாயம் வரும். மெத்தான சாக்ஸும், நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் மேட்டும் கேளுங்கள். நகைக்கடை, மொபைல் ஷோரூம் பக்கம் ஹீல்ஸ் கேட்கிறார்கள். இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2015 டிசம்பரில் லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற ரிசப்ஷனிஸ்ட் ஹீல்ஸ் போட மறுத்ததற்காக முதல் நாளே சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள், பார்லிமென்டில் விவாதம்கூட நடந்தது, அப்படியும் அரசாங்கம் புதுச் சட்டம் போடவில்லை. நமக்கு ஒரு வசதி, சேலை காலை மறைத்துவிடும். கறுப்பு நிறத்தில் தட்டையான, மெத்தை வைத்த செருப்பு போதும்.

கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத் தேதிக்கு முந்தைய கிட்டத்தட்ட பத்து வாரங்களில், நாம் கேட்டுக்கொண்டால் நீண்ட நேரம் நிற்கும் வேலை தரக் கூடாது என்று 2020-ஆம் வருடத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். அந்தச் சமயத்தில் ‘வயிறு தெரியுது, முன்னாடி நிக்க வேணாம்’ என்று குடோனுக்கு அனுப்புவார்கள். குடோனில் ஸ்டூல் இருந்தால் போங்கள், இல்லை என்றால் பில்லிங்கில் உட்கார வைக்கக் கேளுங்கள்.

காசுக் கணக்கு

ஒரு மாதத்துக்கு எழுதிப் பார்ப்போம். சேலை இஸ்திரி நாளுக்கு 15 ரூபாய், 26 நாளுக்கு 390. பூ நாளுக்கு 20 என்று வைத்தாலும் 520, முகூர்த்த நாளில் இந்தக் காசுக்குக் கிள்ளிக்கூடத் தர மாட்டார்கள். புருவம் 50. லிப்ஸ்டிக், கண் மை, பவுடர் மாதத்துக்குப் பிரித்தால் 100. ஊக்கு, வலை, பொட்டு 40. மொத்தம் 1,100 ரூபாய். சம்பளம் 14,000 என்றால் கிட்டத்தட்ட 8 சதவீதம், கடையை அழகாகக் காட்ட நம் கையிலிருந்து போகிறது.

இதோடு அபராதம். பூ இல்லை 50, லிப்ஸ்டிக் இல்லை 50, பேட்ஜ் மறந்தது 100 என்று போர்டில் எழுதிப் பிடிக்கிற கடைகள் உண்டு. 2019-ஆம் வருடத்து ஊதியச் சட்டத் தொகுப்பு என்ன சொல்கிறது என்றால், அரசு அனுமதித்த பட்டியலில் உள்ள தவறுக்குத்தான் அபராதம் போடலாம், அந்தப் பட்டியலை நோட்டீஸாக ஒட்டியிருக்க வேண்டும், நம் பக்கத்தைக் கேட்காமல் போடக் கூடாது, மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடித்த பணத்தை ரிஜிஸ்டரில் எழுதி ஊழியர் நலனுக்கே செலவு செய்ய வேண்டும். அபராதத்துக்கு 3 சதவீதம் என்று கோடு போட்ட சட்டம், அந்த 8 சதவீதத்தைப் பார்க்கவே இல்லை. அதனால் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

‘அலவன்ஸ் குடுங்க’ என்று மொட்டையாகக் கேட்டால் நடக்காது. பொருளாகக் கேளுங்கள். கடை செலவில் இஸ்திரிக்காரரை ஹாஸ்டலுக்கு வரச் சொல்வது, பூ கட்டாயம் என்றால் கடையே பூக்காரம்மாவிடம் மொத்தமாக வாங்கித் தருவது, உடை மாற்றும் அறையில் பவுடரும் ஊக்கும் வைப்பது. இவற்றை ஒத்துக்கொள்ளும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். பூவுக்குத் தன் காசு போக ஆரம்பித்ததும் ‘பூ இல்லாட்டிப் பரவால்ல’ என்று விதியையே எடுத்த கடையையும் பார்த்திருக்கிறேன்.

பூவும் பொட்டும் வைக்காதவர்கள்

முஸ்லிம் பெண்களிடமும், பொட்டு வைக்காத கிறிஸ்தவப் பெண்களிடமும் ‘எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்’ என்பார்கள். சேரும்போதே சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் முரண்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

கணவரை இழந்தவர்களுக்கு நடப்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வெறும் நெற்றியோடு இருந்தால் கல்யாணப் பட்டுப் பக்கம் விட மாட்டார்கள், வாடிக்கையாளர் சகுனம் பார்ப்பார்களாம். பொட்டு வைத்துக்கொண்டு வந்தால் கூட வேலை செய்கிறவர்களே கண்ணால் பேசுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் தினமும் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. பொட்டு வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம், யாருக்கும் காரணம் சொல்லாதீர்கள். பிரிவு மாற்றினால் ‘கமிஷன் குறையுது சார், அதை எப்படிச் சரிக்கட்டுவீங்க’ என்று பணத்தை மட்டும் கேளுங்கள். இன்சார்ஜாக இருக்கும் அக்காமார்களே, இதில் நம் பங்கும் உண்டு. யார் எந்தப் பிரிவில் நிற்பது என்று பட்டியல் போடுவது நாம்தான்.

கை வைத்தால்

உடையைச் சரிபார்ப்பது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆண் மேனேஜர் முந்தானையைச் சரிசெய்யக் கை நீட்டினால் ஒரு அடி பின்னால் நகர்ந்து, ‘சொல்லுங்க சார், நானே பண்ணிக்கறேன்’ என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் செல்ஃபி போடச் சொன்னால் தோள் வரை மட்டும் எடுங்கள், முழுப் படம் கேட்டால் பெண் இன்சார்ஜின் நம்பருக்குத்தான் அனுப்புவேன் என்று எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றி அசிங்கமாகப் பேசுவது, தொடுவது எல்லாம் 2013-ஆம் வருடச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், சின்னக் கடை என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதனால் தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அன்றைக்கே பில் கணக்கு எழுதும் அந்த நோட்டில் எழுதி வையுங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

எழுதிக் கொடுப்பது

ஸ்டூல், மூன்றாவது செட், பூச் செலவு, எதைக் கேட்பதானாலும் ஒரு தாளில் எல்லாரும் சேர்ந்து எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்: ‘மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, இரண்டாம் மாடிப் பணியாளர்கள் எழுதுவது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார நான்கு ஸ்டூல்கள் தேவைப்படுகின்றன. ஏற்கெனவே இருப்பவற்றில் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காலி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ முதல் கடிதத்தில் சட்டப் பிரிவைப் போடாதீர்கள். ஒரு மாதம் பாருங்கள், பதில் இல்லை என்றால் இரண்டாவது கடிதத்தில் 22-ஏ என்று எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். கையெழுத்துகளை வட்டமாகப் போடுங்கள், யார் முதலில் போட்டது என்று தெரியாது. கொடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் நாளும் முக்கியம். தை, மாசியில் கொடுத்தால் ‘பிடிக்காட்டி ஊருக்குப் போ’ என்பார்கள். ஆடிக்கு ஒரு மாதம் முன்பு, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, ஆள் தேடி ஏஜென்டுகள் ஊர் ஊராகச் சுற்றும் நேரத்தில், கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.